ஜொனாதன் கோ நாவல்கள்: பிரிட்டன் அரசியல் தெரியாதவர் எங்கே தொடங்கலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: ஜொனாதன் கோ எழுதிய ‘வாட் எ கார்வ் அப்!’ நாவலை நூறு பக்கம் வரை படித்து மூடி வைத்துவிட்டீர்கள். பிரிட்டனின் முக்கியமான பகடி நாவலாசிரியர் என்று பலரும் சொன்னதை நம்பி எடுத்தீர்கள். ஆனால் சிரிப்பு வரவில்லை, பெயர்கள் குழப்பின. 1980களின் பிரதமர் மார்கரெட் தாட்சர் காலத்து அரசியல் தெரியாததுதான் காரணமா, இந்த மனிதர் யார், வேறு எதில் தொடங்கியிருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் படுகிறது. ஒரு நாட்டின் உள்விவகாரத்தைக் கேலி செய்யும் நாவலை அந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர் படித்து என்ன பெறமுடியும் என்பதே அது.

தற்கால பிரிட்டிஷ் நாவல்களைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவரும் அனுபவத்தில் சொல்கிறேன், குறை உங்கள் அரசியல் அறிவில் இல்லை. தெரிந்திருக்க வேண்டிய அரசியல் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும், அதைக் கீழே தருகிறேன். தடுமாற வைப்பது எதிர்பார்ப்புதான். பகடி என்றதும் அரசியல்வாதியைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று நினைத்து உள்ளே போகிறோம். இவரோ மேலே ஓர் அறையில் எடுக்கப்பட்ட முடிவு எந்தெந்தப் படிகளில் இறங்கி, முன்பின் அறியாத ஒருவரின் உடம்பில் போய் விழுகிறது என்பதைக் கண்ணி கண்ணியாகக் காட்டுகிறவர். அந்தச் சங்கிலியைப் பின்தொடர ஆரம்பித்தால் நாவல் வேகமெடுக்கும். சிரிப்பும் வரும், ஆனால் அது தொண்டையில் சிக்கும் சிரிப்பு.

முதலில் ஆளைப் பற்றி. கோ 1961 ஆகஸ்ட் 19 அன்று பர்மிங்ஹாமுக்குத் தெற்கே, வுஸ்டர்ஷையர் எல்லையில் பிறந்தவர். படித்தது பர்மிங்ஹாமின் கிங் எட்வர்ட்ஸ் பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி, அதன்பின் வாரிக் பல்கலைக்கழகம். வாரிக்கில் அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 18ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங்கின் ‘டாம் ஜோன்ஸ்’. கதைக்கு நடுவே கதைசொல்லி தலையை நீட்டிப் பேசும்போது கேலிக்கும் பரிவுக்கும் என்ன ஆகிறது என்பதுதான் அந்த ஆய்வு. ஃபீல்டிங் 1742இல் வந்த ‘ஜோசப் ஆண்ட்ரூஸ்’ முன்னுரையில் ஒரு வரையறை போட்டிருக்கிறார். நகைப்புக்கு உரியது பாசாங்கு மட்டுமே, அந்தப் பாசாங்கு தற்பெருமையிலிருந்தும் கபடத்திலிருந்தும் பிறக்கிறது, வறுமையும் துன்பமும் ஊனமும் ஒருபோதும் கேலிக்கு உரியவை அல்ல என்கிறார். 2024 வரை வந்த கோவின் 15 நாவல்களையும் இந்த வரையறையோடு பொருத்திப் பாருங்கள், யாரைச் சிரிக்க விடுகிறார், யாரைச் சிரிக்க விடாமல் தடுக்கிறார் என்பது தெளிவாகிவிடும்.

முதல் மூன்று நாவல்கள் 1987, 1989, 1990 ஆண்டுகளில் வந்தன. சிறியவை, சோதனை முயற்சிகள், அதிகம் விற்கவில்லை. அந்தக் காலத்தில் சட்ட ஆவணங்களுக்குப் பிழை திருத்தியிருக்கிறார், இசைக்குழுக்களில் கீபோர்டு வாசித்திருக்கிறார். இசை இவருக்குப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. ‘தி ராட்டர்ஸ் கிளப்’ என்ற அவருடைய பிந்தைய நாவலின் தலைப்பே 1975இல் ஹாட்ஃபீல்ட் அண்ட் த நார்த் என்ற குழு வெளியிட்ட இசைத்தட்டின் பெயர்தான். பி. எஸ். ஜான்சன் என்ற எழுத்தாளர் மீது வைத்த பற்றும் இதே அளவு ஆழமானது. ஜான்சன் 1973இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர். தைக்காத 27 பகுதிகளைப் பெட்டியில் போட்டு, முதலையும் கடைசியையும் தவிர மற்றவற்றை எந்த வரிசையிலும் படிக்கலாம் என்று நாவல் வெளியிட்டவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை ‘லைக் எ ஃபையரி எலிஃபண்ட்’ என்ற பெயரில் கோ எழுதினார். 2004இல் வெளிவந்து மறு ஆண்டு சாமுவேல் ஜான்சன் பரிசு பெற்ற நூல் அது. உருவத்தில் இவர் எடுக்கும் துணிச்சல்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிய வேண்டுமானால் இந்த இரண்டு பெயர்கள் போதும், ஃபீல்டிங்கும் ஜான்சனும்.

இப்போது நீங்கள் நிறுத்திய நாவல். ‘வாட் எ கார்வ் அப்!’ வெளியானது 1994. அமெரிக்கப் பதிப்புக்கு ‘தி வின்ஷா லெகசி’ என்று பெயர். இரண்டும் ஒரே புத்தகம்தான், வேறு நாவல் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிட வேண்டாம். யார்க்ஷையரில் பெரிய மாளிகை வைத்திருக்கும் வின்ஷா என்ற பணக்காரக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் வரலாற்றை எழுதச் சொல்லிப் பணம் கொடுத்து நியமிக்கப்பட்டவர் மைக்கேல் ஓவன், தேங்கிப்போன நாவலாசிரியர். தொடக்கத்திலேயே 1942க்கும் 1961க்குமான குடும்பக் கதை வந்துவிடுவதால் அத்தைகளும் சித்தப்பாக்களும் மொத்தமாக வந்து குவிகிறார்கள். பெரும்பாலானவர்கள் திணறுவது இங்கேதான். அந்தப் பகுதியில் இரண்டு செய்திகளைப் பிடித்துக்கொண்டால் போதும். போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட காட்ஃப்ரியைச் சொந்த அண்ணன் லாரன்ஸே காட்டிக்கொடுத்தான் என்று தங்கை டபித்தா நம்புகிறாள், அதற்காக அவளை மனநோயாளி என்று அடைத்து வைத்துவிடுகிறார்கள். மற்ற உறவுமுறைகள் தேவைப்படும்போது தானாகத் தெளியும்.

அடுத்த தலைமுறையில் ஆறு பேர். ஒரு தாளில் இவர்கள் பெயரையும் துறையையும் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஹிலாரி பத்திரிகையும் தொலைக்காட்சியும், ஹென்றி அரசியல், ரோடி ஓவிய வியாபாரம், டோரத்தி பண்ணையும் பதப்படுத்திய உணவும், தாமஸ் வங்கி, மார்க் ஆயுத வியாபாரம். நாவலும் இதே வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய பகுதி ஒதுக்குகிறது. ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு நடையில் இருக்கும். ஹென்றிக்கு நாட்குறிப்பும் தொலைக்காட்சிப் பேட்டியும், ஹிலாரிக்கு அவள் எழுதிய பத்திகள், மற்றவர்களுக்கு வேறு வேறு முறைகள். இவற்றுக்கு நடுவே மைக்கேலின் தனிமையான வாழ்க்கை 1990 ஆகஸ்டிலிருந்து 1991 ஜனவரி வரை, அதாவது ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததிலிருந்து அமெரிக்கக் கூட்டுப்படை குண்டு வீசத் தொடங்கியது வரை நகர்கிறது. இரண்டு தண்டவாளங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் குடும்பம், மற்றதில் மைக்கேல். முதல் பாதியில் இரண்டுக்கும் தொடர்பே இல்லாதது போலத் தோன்றுவது ஆசிரியர் வேண்டுமென்றே செய்தது.

தொடர்பு எப்படி வெளிப்படுகிறது என்பதற்கு ஒரு கண்ணியை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன், முடிவைக் கெடுக்காமல். மைக்கேலின் அடுக்குமாடியில் எதிரே குடியிருப்பவள் ஃபியோனா. ஒரு தர்ம காரியத்துக்கான சைக்கிள் பயணத்துக்கு நன்கொடை கேட்டு அவன் கதவைத் தட்டுகிறாள். ஆண்டுக்கணக்கில் யாரோடும் சரியாகப் பேசாத மனிதன் மெல்ல வாய் திறக்கிறான். அவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. மருத்துவர் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பரிசோதனைகள் தள்ளிப்போகின்றன. ஆண்டின் கடைசியில் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடும்போது வார்டில் படுக்கை இல்லை, போதிய ஆளும் இல்லை, காத்திருக்கச் சொல்கிறார்கள். அங்கே யாரும் கொடியவர்கள் இல்லை. களைத்துப்போன இளம் மருத்துவர்கள், நர்ஸுகள், அவ்வளவுதான். இதற்குப் பல பக்கங்களுக்கு முன்பு ஹென்றி வின்ஷாவின் நாட்குறிப்பில் பிரிட்டனின் இலவச அரசு மருத்துவ அமைப்பான தேசிய சுகாதாரச் சேவையை எப்படித் தொழில் நிறுவனம் போல மாற்றுவது என்ற உற்சாகமான குறிப்புகளைப் படித்திருப்போம். படிக்கும்போது அவை கேலிச்சித்திரம் போல இருந்தன, ஒருவேளை சிரித்தும் இருப்போம். ஃபியோனா காத்திருக்கும் அந்தப் பக்கங்களில் ஹென்றியின் பெயரை ஆசிரியர் உரக்கச் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. நம் நினைவே அந்த வேலையைச் செய்கிறது. முன்பு சிரித்த இடமே இப்போது வலிக்கிறது. டோரத்தியின் உணவு, தாமஸின் வங்கி, மார்க்கின் ஆயுதம் என்று ஒவ்வொன்றும் இப்படியே எங்கோ ஓரிடத்தில் மைக்கேலைச் சுற்றியுள்ள மனிதர்களைத் தொட்டுவிடும். அதனால் வின்ஷாக்களின் பகுதிகளை அவசரமாகத் தாண்டிப் படித்தால் பின்பாதி வெறும் மிகைக் கொலைக்கதையாகிவிடும்.

தலைப்பு 1961இல் வந்த ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் திகில் படத்தின் பெயர். கென்னத் கானர், சிட் ஜேம்ஸ், ஷெர்லி ஈட்டன் நடித்தது. உயில் வாசிக்கத் தனிமையான மாளிகையில் கூடும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போவதுதான் கதை. ஒன்பதாம் பிறந்தநாளுக்கு அந்தப் படத்துக்குப் போன மைக்கேலை, படம் முடிவதற்குள் தாய் எழுப்பிக் கூட்டிப்போய்விடுகிறாள். நாவலின் இரண்டாம் பகுதி அந்தப் படத்தின் வடிவத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறது. படத்தைப் பார்க்காமலே நாவலைப் படிக்கலாம், ஒன்றும் குறையாது.

சொன்னபடி அந்த அரைப் பக்க அரசியல் இதோ. மார்கரெட் தாட்சர் 1979இல் பிரதமரானார், 1990 நவம்பரில் சொந்தக் கட்சியே கைவிட்டதால் விலகினார். அவர் ஆட்சியில் அரசு நிறுவனங்கள் பங்குகளாக விற்கப்பட்டன, தொலைபேசி 1984, எரிவாயு 1986. 1948இல் தொடங்கிய இலவச மருத்துவச் சேவைக்குள் சந்தை முறையைக் கொண்டுவரும் சட்டம் 1990இல் நிறைவேறியது. 1980களில் ஈராக்குக்கு ஆயுதம் தயாரிக்கும் எந்திரங்கள் பிரிட்டனிலிருந்து போய்க்கொண்டிருந்தன, அரசுக்கு அது தெரியும் என்பது 1992இல் மேட்ரிக்ஸ் சர்ச்சில் என்ற எந்திர நிறுவனத்தின் நிர்வாகிகள் மீதான வழக்கு சரிந்தபோது அம்பலமாயிற்று. நாவலில் மார்க் வின்ஷா வரும் பகுதி இந்தப் பின்னணியில்தான் நிற்கிறது. இவ்வளவுதான். மற்ற அமைச்சர்களின் பெயர்கள் தெரியாவிட்டால் தாண்டிப் போய்விடலாம், இன்றைய பிரிட்டிஷ் இளைஞர்களுக்கும் அவை தெரியாது.

1997இல் வந்த ‘தி ஹவுஸ் ஆஃப் ஸ்லீப்’ தூக்கத்தைப் பற்றிய புதிர் நாவல், பிரான்சின் மெடிசிஸ் அயல்நாட்டுப் பரிசு பெற்றது. அரசியல் குறைவு என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் தரும் நூல் 2001இல் வந்த ‘தி ராட்டர்ஸ் கிளப்’. 1970களின் பர்மிங்ஹாம், ஒரே பள்ளியில் படிக்கும் பெஞ்சமின் டிராட்டர், டக் ஆண்டர்டன், பிலிப் சேஸ் என்ற நண்பர்கள். டக்கின் தந்தை லாங்பிரிட்ஜ் கார் தொழிற்சாலையில் தொழிற்சங்கத் தலைவர், பெஞ்சமினின் தந்தை காலின் அதே தொழிற்சாலையில் நிர்வாகத் தரப்பு. பிள்ளைகள் நண்பர்கள், தந்தையர் எதிரெதிர் பக்கம். இங்கே பகடி ஆட்களைக் குத்துவதில்லை, பள்ளிப் பத்திரிகையிலும் பதின்பருவ அசட்டுத்தனத்திலும் மெல்ல இழையோடுகிறது. எந்த முன்னறிவும் இல்லாமல் படிக்கக்கூடியது.

அதிலும் ஓர் இடத்தை நிதானமாகப் படிக்கச் சொல்வேன். பெஞ்சமினின் அக்கா லோயிஸும் அவள் காதலன் மால்கமும் 1974 நவம்பர் 21 மாலை நகர மையத்தில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் திருமணம் பற்றிக் கேட்க வந்திருக்கிறான். கடையின் பெயர் டாவர்ன் இன் த டவுன். பிரிட்டிஷ் வாசகருக்கு அந்தத் தேதியும் பெயரும் கண்ணில் பட்டதும் நெஞ்சு அடைத்துவிடும், ஏனென்றால் அன்றிரவு பர்மிங்ஹாமில் இரண்டு மதுக்கடைகளில் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழு வைத்த குண்டுகள் வெடித்து 21 பேர் இறந்தார்கள், 180க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நமக்கு அந்தத் தேதி ஒன்றும் சொல்லாது. காதல் காட்சியாகவே படித்துக்கொண்டு போய் அதிர்ச்சியைச் சந்திப்போம். அதனால் வெளியார் எதையோ இழக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. லோயிஸும் மால்கமும் அந்த மாலையில் இருந்தது போலவே நாமும் ஒன்றும் அறியாமல் இருக்கிறோம். இந்த ஒரு காட்சியின் விளைவு லோயிஸின் வாழ்க்கையில் 40 ஆண்டுகளுக்கு மேல் நீள்வதை அடுத்தடுத்த நாவல்களில் பார்ப்பீர்கள். நாவலின் இறுதிப் பக்கங்களில் பெஞ்சமினின் மகிழ்ச்சி ஒரே வாக்கியமாக ஓடுகிறது. 13,955 சொற்கள், முற்றுப்புள்ளி கடைசியில்தான். செக் எழுத்தாளர் போஹுமில் ஹ்ராபல் ஒரு முழு நாவலையே ஒற்றை வாக்கியமாக எழுதியதைப் பின்பற்றிச் செய்தது. அந்த வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் படித்தால் இலக்கணக் கழைக்கூத்தாக மட்டும் தெரியும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி ஒரே மூச்சில் படியுங்கள்.

தொடர்ச்சி 2004இல் வந்த ‘தி க்ளோஸ்டு சர்க்கிள்’. பிரதமர் டோனி பிளேர் காலம், லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையை பி.எம்.டபிள்யூ கைவிடும் நேரம், ஈராக் போர். முந்தைய நூலின் அளவுக்குச் சரியாக அமையவில்லை என்பது என் எண்ணம், முடிச்சுகளை அவிழ்ப்பதிலேயே கவனம் போய்விடுகிறது. ஆனாலும் தாண்டக் கூடாது, மூன்றாம் நூலுக்கு இது பாலம்.

இவ்விடத்தில் இன்னொரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். பகடி எழுதிப் பெயர் வாங்கியவரே பகடியின் பயனைப் பற்றிச் சந்தேகப்படத் தொடங்கினார். 2013இல் லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ் இதழில், அப்போது லண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜான்சனின் நகைச்சுவைத் துணுக்குகள் அடங்கிய தொகுப்பை மதிப்பிடும் சாக்கில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1960களில் மேடையிலும் தொலைக்காட்சியிலும் கிளம்பிய பகடி அலையிலிருந்து தொடங்கி, அரசியல்வாதிகளை வாரந்தோறும் கிண்டலடிக்கும் வினாடி வினா நிகழ்ச்சிகள் வரை வருகிறது அவருடைய வாதம். எல்லா அரசியல்வாதியும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்று சிரித்துவிட்டால் கோபம் அங்கேயே கரைந்துபோகிறது, எதையும் மாற்ற வேண்டிய அவசியம் மிஞ்சுவதில்லை. தன்னைத்தானே கேலி செய்துகொள்ளக் கற்றுக்கொண்ட அரசியல்வாதியை அந்தச் சிரிப்பு தண்டிப்பதற்குப் பதில் பாதுகாக்கிறது. ஜான்சன் பிரதமரானது 2019இல், கட்டுரை ஆறு ஆண்டு முந்தியது. பகடியைப் பற்றி இந்தத் தலைமுறையில் எழுதப்பட்ட முக்கியமான கட்டுரைகளில் ஒன்றாக இதை எண்ணுகிறேன், நாவல்களைப் படிக்க நேரம் இல்லாதவர்கூட இதைப் படிக்க வேண்டும். 2015இல் வந்த ‘நம்பர் 11’ நாவலில் இதே சந்தேகம் கதையாகவே வருகிறது. மேடை நகைச்சுவையாளர்களை ஒருவன் குறிவைக்கிறான், ஒரு இளம் காவலர் துப்பு துலக்குகிறார். மக்களின் சினத்தை இவர்கள் சிரிப்பாக்கிக் கரைத்துவிடுகிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. ‘நம்பர் 11’ வின்ஷா குடும்பத்தின் அடுத்த சுற்று என்பதால் அதை முதல் நூலாக எடுத்துவிட வேண்டாம்.

இந்தச் சந்தேகத்துக்குப் பிறகு அவர் எழுத்து மாறியது என்று நான் கருதுகிறேன். கட்டுரையும் நாவல்களும் கண்முன் இருக்கின்றன, அவற்றைச் சேர்த்து ஒரு கோடு போடுவது என் வாசிப்பு. 1994இல் குற்றவாளிகள் ஆறு பேர், அவர்கள் மேல் கோபம் வெள்ளமாகப் பாய்கிறது. 2018இல் வந்த ‘மிடில் இங்கிலாந்து’ நாவலில் அப்படி விரல் நீட்ட ஆள் இல்லை. பெஞ்சமின், டக், லோயிஸ் எல்லோரும் ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். 2010 தேர்தலிலிருந்து 2018 வரை, ஒலிம்பிக் தொடக்க விழா, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் 2016 ஜூன் 23 வாக்கெடுப்பு எல்லாம் உள்ளே வருகின்றன. வாக்கு 52க்கு 48 என்று பிரிந்தது. அந்தப் பிளவு ஒரு படுக்கையறைக்குள் எப்படி வருகிறது என்பதுதான் நூலின் உயிர். லோயிஸின் மகள் சோஃபி கலை வரலாறு கற்பிப்பவள். வேகமாகக் காரோட்டிப் பிடிபட்டு, தண்டனைக்குப் பதிலாக நடக்கும் வகுப்புக்குப் போகிறாள், அங்கே பாடம் நடத்தும் இயனைக் காதலித்து மணக்கிறாள். இயனுக்கு வரவேண்டியதாக அவன் நினைத்த பதவி உயர்வு நஹீத் என்ற சக ஊழியருக்குப் போகிறது. அவனுடைய தாய் ஹெலெனா, மரியாதை தவறாத முதிய சீமாட்டி, அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு ஈனாக் பவல் சொன்னது சரிதான் என்கிறாள். பவல் 1968இல் இதே பர்மிங்ஹாமில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சு அரை நூற்றாண்டு கழித்தும் சாகாமல் கிடந்திருக்கிறது. கத்தல் இல்லை, சண்டை இல்லை. சோஃபிக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் குடும்பத்தில் அதன்பின் எதுவும் பழையபடி இல்லை.

வாக்கெடுப்புக்குப் பிறகு இருவரும் தம்பதிகளுக்கான ஆலோசகரிடம் போகிறார்கள். துணைவர் வேறு மாதிரி வாக்களித்தது உங்களை ஏன் இவ்வளவு புண்படுத்தியது என்று அவர் தனித்தனியே கேட்கிறார். இருவர் பதிலிலும் ஐரோப்பாவே இல்லை, அடுத்தவர் எப்படிப்பட்ட ஆள் என்பது மட்டும்தான் இருக்கிறது. வெளிநாட்டு வாசகர் பிரிட்டனைப் புரிந்துகொள்ள ஆயிரம் செய்தித்தாள் கட்டுரைகளை விட இந்தக் காட்சி உதவும். இன்னொரு காட்சியில் முதுமையில் நினைவு தடுமாறும் காலினை பெஞ்சமின் லாங்பிரிட்ஜுக்குக் கூட்டிப்போகிறான். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த தொழிற்சாலை இருந்த இடத்தில் கடைகளும் வீடுகளும். எதையும் உற்பத்தி செய்யாத நாடு எப்படிப் பிழைக்கும் என்று முதியவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தக் கிழவரின் குழப்பத்தில் ஆசிரியர் ஒரு துளி கேலியும் கலக்கவில்லை. முன்சொன்ன ஃபீல்டிங்கின் வரையறை வேலை செய்வதை இங்கே பார்க்கலாம்.

பெஞ்சமின்தான் கோவா என்று பலர் கேட்பதுண்டு. உறுதியாகச் சொல்லக்கூடியது: ஊர், ஏறத்தாழ வயது, பள்ளியின் சாயல், இசை மோகம் எல்லாம் பொருந்துகின்றன. ஆனால் பெஞ்சமின் பல பத்தாண்டுகளாக முடிக்க முடியாத ஒரே நூலைச் சுமந்து திரிகிறவன், கோ இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு நாவல் தருகிறவர். அதற்கு மேல் ஒப்பிடுவது ஊகம்தான். 2022இல் வந்த ‘போர்ன்வில்’ விஷயத்தில் ஊகம் தேவையில்லை. அதில் வரும் மேரி தன் தாயை ஒட்டி எழுதப்பட்டவர் என்றும், தாய் 2020 கொரோனா முடக்கத்தின்போது இறந்தார் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். கேட்பரி சாக்லேட் தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த கிராமத்தில் ஒரு குடும்பத்தை, 1945 போர் வெற்றி நாளிலிருந்து 2020 வரை நாடே கூடி நின்ற ஏழு நாட்களின் வழியாகக் காட்டுகிறது. பிரிட்டிஷ் சாக்லேட்டில் காய்கறிக் கொழுப்பு கலப்பதால் அதைச் சாக்லேட் என்றே சொல்லலாமா என்று ஐரோப்பாவில் பல்லாண்டுகள் நடந்த வழக்கும் இதில் வருகிறது. நகைச்சுவைக்காக இட்டுக்கட்டியது போலத் தோன்றும், ஆனால் உண்மை. அந்தப் பெயரை மறுத்த ஸ்பெயின், இத்தாலி ஆகிய இரு நாடுகளுக்கு எதிரான தீர்ப்பு 2003இல்தான் வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். தற்செயல்கள் அளவுக்கு மீறி வருகின்றன. யாரும் யாரையும் எங்கும் சந்தித்துவிடுவார்கள். அது ஃபீல்டிங்கிலிருந்து வந்த மரபு என்று நியாயம் சொல்லலாம், ஆனால் ‘தி க்ளோஸ்டு சர்க்கிள்’ நாவலில் அந்த நியாயம் எனக்குப் போதவில்லை. இரண்டாவதாக, குடியேறிக் குடும்பத்துப் பாத்திரங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து பார்க்கப்பட்டவர்கள். நஹீதின் வீட்டுக்குள் நாம் போவதே இல்லை, இயன், ஹெலெனா, சோஃபி மூவரின் மனமும் திறந்து கிடக்கும் கதையில் இது கண்ணை உறுத்துகிறது. மூன்றாவதாக, பிந்தைய நாவல்களில் சில உரையாடல்கள் செய்தித்தாள் தலையங்கம் போல ஒலிக்கின்றன, இருவர் பேசிக்கொள்வதாக இல்லாமல் இரண்டு தரப்பு பேசிக்கொள்வதாக. 2024இல் வந்த ‘தி ப்ரூஃப் ஆஃப் மை இன்னொசென்ஸ்’ இதிலிருந்து ஓரளவு தப்புகிறது. லிஸ் டிரஸ் ஏழு வாரம் பிரதமராக இருந்த 2022 இலையுதிர் காலத்தில் நடக்கும் கொலைக் கதையை மூன்று வேறு வகைக் கதைகளின் பாணியில் சொல்லிப் பார்ப்பதால் உருவத்தில் விளையாட்டு திரும்பி வந்திருக்கிறது.

ஆகவே வரிசை: முதலில் ‘தி ராட்டர்ஸ் கிளப்’. பிடித்தால் ‘தி க்ளோஸ்டு சர்க்கிள்’, அதன்பின் ‘மிடில் இங்கிலாந்து’. மூன்றாம் நூல் தனியாகவும் புரியும், 2019இல் கோஸ்டா நாவல் பரிசும் வாங்கியது. ஆனால் லோயிஸின் மௌனமும் காலினின் கேள்வியும் முழு எடையோடு விழ முதல் நூல் வேண்டும். பிறகு ‘வாட் எ கார்வ் அப்!’ நாவலுக்குத் திரும்பி, அதன் மேல்தான் ‘நம்பர் 11’. பகடியே வேண்டாம், இவருடைய மென்மையான பக்கம் மட்டும் போதும் என்றால் 2007இல் வந்த ‘தி ரெய்ன் பிஃபோர் இட் ஃபால்ஸ்’ சிறியது. கண்பார்வை இல்லாத ஒரு பெண்ணுக்காக முதியவள் ஒருத்தி 20 புகைப்படங்களை ஒவ்வொன்றாக ஒலிநாடாவில் விவரிக்கும் கதை அது.

இப்போதே ‘வாட் எ கார்வ் அப்!’ நாவலைத் தொடர விரும்பினால் முதலிலிருந்து படிக்க வேண்டாம். ஆறு பெயர் எழுதிய தாளை வைத்துக்கொண்டு, ஃபியோனா கதவைத் தட்டும் இடத்தைத் தேடி அங்கிருந்து படியுங்கள். ஹென்றியின் நாட்குறிப்பு வரும்போது மருத்துவமனை பற்றிய வரிகளுக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள், பின்பாதியில் திரும்பிப் பார்க்க அவை வேண்டியிருக்கும்.